பழைய ரிப்போர்ட்

அன்புத் தங்கச்சிக்கு,

உன் பெருங்குடலில் இருந்த கட்டியை வயிற்றைக் கிழிக்காமல், குழாய் விட்டே எடுத்துவிட்டார்கள் என்று கேட்டு நிம்மதி. மறுநாளே வீட்டில் மாடிப்படி ஏறினாயாம். "ஒண்ணுமே தெரியலக்கா, தூங்கி எழுந்த மாதிரி இருந்துச்சு" என்று போனில் நான்கு தடவை சொன்னாய்.

"அவ நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்றார் உன் அத்தான். பிடிக்காமல் என்ன. வயிறுதான் எரிகிறது.

எனக்கும் அதே இடம், அதே அளவு. புற்று இல்லை என்று தெரிந்தும் ஒரு சாண் குடலைச் சேர்த்து வெட்டினார்கள். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்று வருடமாகியும் தும்மல் வந்தால் தழும்பைக் கையால் அழுத்திக்கொள்கிறேன்.

"வெட்டாம எடுக்க முடியுமா டாக்டர்?" என்று நீ கேட்டாயாம். நான் எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

உன் டாக்டர் என் பழைய ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். பார்த்துவிட்டு என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதை நீ என்னிடம் வந்து சொல்வாய், பாவம் என்ற குரலில். அக்கா வீடு முழுக்கத் தேடியும் ஃபைல் கிடைக்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிடு.

அந்த ஃபைலை மடியில் வைத்து, அதன் மேல்தான் இதை எழுதுகிறேன்.

உன் அக்கா