வெள்ளை உறை இல்லாத நாற்காலிகள்

என் பிரியமுள்ள காதர் மாப்ளே,

இந்த வருஷ இசை விழாவையும் நல்லபடியாக முடித்துவிட்டோம். மழை இல்லை. நாற்காலியெல்லாம் உன் வாடகைக் கடையிலிருந்துதான். நீ இல்லாவிட்டாலும் தங்கச்சி, உன் வீட்டுக்காரி, நேரத்துக்கு அனுப்பிவைத்தது.

போன வருஷம் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? கல்யாண மண்டபம் மாதிரி ஜோராக இருக்கட்டும் என்று எல்லா நாற்காலிக்கும் வெள்ளை உறை போட்டேன். பட்டாசுக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் கடைசிவரை ஓரமாக நின்றே பாட்டுக் கேட்டார்கள். அவர்கள் பழக்கம் அப்படி என்றேன். நீ என் சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"மருந்து ஒட்டுன கையும் சேலையுமா வாராக மச்சான். அம்புட்டு வெள்ளையா விரிச்சு வச்சா எப்படிலே உக்காருவாக?"

நாற்காலி வாடகைக்கு விடுகிறவனுக்கு அழகைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டுவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க எத்தனையோ நாள் இருந்தது. ஏன் மாப்ளே கேட்காமல் இருந்தேன்?

இந்த வருஷம் உறையே கிடையாது. வாசலில் தண்ணீர்த் தொட்டியும் சோப்பும் வைத்தேன். பஸ் வருகிற நேரம் பார்த்து, அழைப்பிதழில் ஆறரை மணி என்று அச்சடித்தேன். முன்வரிசை சோபாக்களையும் எடுத்துவிட்டேன். நன்கொடை கொடுத்த ஒருவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். தூக்கட்டும்.

அப்படியும் அந்தப் பெண்கள் ஓரமாகவே நின்றார்கள். போய்க் கூப்பிட்டேன். அவர்களில் நாரணாபுரத்து மாரியம்மா அக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டியது. எத்தனை கழுவியும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு போகவில்லை.

"இருக்கட்டும்ணே, நாற்காலி பாழாப் போவும். நாங்க இங்கனயே நிக்கோம்."

பிரஸ்ஸிலிருந்து கைகூடக் கழுவாமல் ஓடிவந்திருந்தேன். அச்சு மை ஒட்டிய அந்தக் கையை ஒரு நாற்காலியின் கைப்பிடியில் அழுத்தி எடுத்தேன்.

"இந்தா, நானே பாழாக்கிட்டேன். இனி உக்காருங்கக்கா."

அக்கா சிரித்துவிட்டது. அதிலேயே உட்கார்ந்தும்விட்டது. பின்னாலேயே எல்லாரும் உட்கார்ந்தார்கள். பாட்டுக்கு நடுவில் யாருடைய செல்போனோ அலற, பாடகியும் சேர்ந்து சிரித்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் மாப்ளே.

மறுநாள் உன் கடையில் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டு வந்த தங்கச்சி, அந்த ஒரு நாற்காலிக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஒரு கைப்பிடியில் கறுப்பு, மறுபக்கம் வெள்ளி. நம் போன வருஷச் சண்டையிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னேன். ஈரத்துணியைக் கீழே வைத்துவிட்டது.

"இது வாடகைக்குப் போவாதுண்ணே. எங்க வீட்டு அவுக நாற்காலியா இருக்கட்டும்."

அடுத்த வருஷம் அதை முன்வரிசையில் போடுவேன். உன் பேரைச் சொல்லிக் காலியாக வைக்கமாட்டேன். ஓரமாக யார் நின்றாலும், கூப்பிட்டு அதில்தான் உட்காரவைப்பேன்.

நீ இருக்கும்போது மன்னிப்புக் கேட்காத உன் மச்சான்,
செல்வராஜ்