சரிவாகச் சீவிய முதல் வட்டம்

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். இன்று காலை மார்க்கம் நகரில் என் வீட்டு வாசலில், வீதி துப்புரவாக்கும் வண்டி ஒதுக்கிவிட்டுப் போன குவியலில் பனி அள்ளும் சவளை இறக்கினேன். உதிராமல், பலகைபோல் ஒரு கட்டி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காரைத் துடைத்தபடி, "என்ன இக்ளூ அண்ணை, வீடு கட்டப்போறியளோ? தலையில விழாமப் பாருங்கோ!" என்றார்.

அந்தப் பட்டம் நீ வைத்தது. நீ செத்து, உன் முப்பத்தோராம் நாள் கிரியையும் முடிந்துவிட்டது. அது மட்டும் சாகவில்லை.

ரொறன்ரோவில், ரெக்ஸ்டேலில் ஒரே அறையில் இருந்த கட்டட எஞ்சினியர்கள் எங்கள் இருவரில் உனக்குத்தான் கனடாவின் வடகோடியில் வேலை கிடைத்தது. நானும் விண்ணப்பித்திருந்தேன், அதையும் மறக்கவில்லை. ஒரு வசந்தத்தில் என்னை அங்கே கூப்பிட்டாய். உன்னோடு வேலைசெய்த இனுவிட் பழங்குடி வேட்டைக்காரர், இக்ளூ என்ற பனிவீட்டைக் கட்டிக்காட்ட எங்களை ஊருக்கு வெளியே பனிவெளிக்கு அழைத்துப்போனார்.

நீண்ட கோலால் பனியைக் குத்திக் குத்தி நடந்தார். ஒரே புயலில் படிந்த பனிதான் வேண்டுமாம். அடுக்கடுக்காய்ப் படிந்தது உடைந்துவிடுமாம். பிறகு நீளக் கத்தியால் தன் காலடியிலேயே கட்டிகள் வெட்டி, தன்னைச் சுற்றி வட்டமாக வைத்தார். முதல் வட்டம் முடிந்ததும் அதன் மேல்விளிம்பைச் சரிவாகச் சீவினார். அந்தச் சரிவில் ஏறி, சுவர் நத்தை ஓடுபோலச் சுழன்று உயர்ந்தது. ஒவ்வொரு கட்டியும் உள்ளே சாய்ந்து, பக்கத்துக் கட்டியில் தோள்கொடுத்து நின்றது. சாரமில்லை, முட்டில்லை. கடைசிக் கட்டியை உச்சியில் பொருத்திவிட்டு, வாசல் வெட்டி வெளியே வந்தவர், கூரைமேல் ஏறி நின்று சிரித்தார். எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

நாங்களும் ஒன்று கட்டுவோம் என்றாய். சட்டைப்பையிலிருந்து, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை எடுத்தாய்.

"சரிவிலதான்டா சூட்சுமம் கிடக்கு," என்றேன்.

"விசரா, மட்டமில்லாத சுவர் நிக்குமோ? உவர் கண்மதிப்பில வெட்டுறார். நீ கட்டியைத் தூக்கித் தா."

முதல் வட்டத்தைச் சீவாமல், வரிவரியாக மட்டம் பிடித்தே அடுக்கினாய். மூன்றாம் வரியில், சாய்த்துவைத்த கட்டிக்குப் பக்கப் பிடிப்பில்லை. சுவர் என் தலையில் வந்தது. வேட்டைக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரொறன்ரோவுக்குத் திரும்பியபின், ஒவ்வொரு பிறந்தநாள் விழாவிலும் அந்த ரசமட்டத்தை என் கையில் கொடுத்து, மட்டம் பிடித்துச் சுவரை விழுத்தியவன் இந்த இக்ளூதான் என்று கதை சொன்னாய். முப்பத்தோராம் நாளன்று உன் மைத்துனரும் அப்படியே சொன்னார். மண்டபம் சிரித்தது, அழுதுகொண்டிருந்த உன் மனைவியும் சிரித்தார். மறுத்துச் சொல்ல எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டதாக நினைக்காதே. ஆனால் அன்று, சுவர் விழுந்தபின், அவர் கட்டிய வீட்டுக்குள் தவழ்ந்து போனோமே. பனியை ஊடுருவி வந்த நீல வெளிச்சம். வெளியே இரைந்த காற்று உள்ளே கேட்கவேயில்லை. குளிர் கீழிறங்கித் தாழ்ந்த வாசலோடு நின்றது. எங்கள் மூச்சின் சூடு மேலே படுக்கைமேடையில் தங்கியது. கையுறையைக் கழற்றிவிட்டு, கட்டிகளின் பொருத்துகளை ஒவ்வொன்றாகத் தடவினாய். "மச்சான், நாங்கள் படிச்சதெல்லாம் இதுக்குக் கிட்டவும் வராது. என்ர பிழைதான்டா," என்றாய். அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். இன்றும் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்க்கிறேன்.

இதை உன் வீட்டு முகவரிக்கு அனுப்பப்போகிறேன். உன் மனைவி பிரிப்பார். பெயர் போட்டால், செத்தவனோடு வழக்காடுகிறேன் என்பார்கள். போடாவிட்டால், நீ ஒருதரம் உன் பிழையை ஒப்புக்கொண்டாய் என்பதாவது அவரிடம் போய்ச் சேரும். எழுதியது யாரென்று அவருக்குத் தெரியாமலா போகும்? இருந்தாலும் பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கிறேன்.