வெள்ளி இரவுக் கிரகணம்

இன்று காலை அடுத்த ஆண்டுத் தினசரிக் காலண்டரின் மெய்ப்புத் தாள்கள் என் மேசைக்கு வந்தன. மை இன்னும் முழுதாகக் காயவில்லை. அச்சகங்கள் நிறைந்த திருத்தங்கலில் இந்த வாடை இல்லாத தெரு கிடையாது. என் மூக்கு அதைக் கண்டுகொள்வதை விட்டு வெகுகாலம் ஆகிறது. ஆனால் இன்று ஒரு சந்திர கிரகணத் தேதியில் விரல் பட்டு எழுத்து இழுபட்டபோது வாடை சட்டென்று ஏறியது. கிரகணத் தேதி வந்தால் உனக்கு ஃபோன் போட்டு நேரத்தைச் சரிபார்ப்பது நம் வழக்கம். கை தானாக ஃபோனை எடுத்துவிட்டது. உன் எண்ணை நான் அழிக்கவில்லை. அதைத் தேடிப் பிடித்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சரி, எழுதியாவது சொல்கிறேன். நம் இணையதளத்தில் நீ எழுதிய ஒரு குறிப்பு தப்பு. அதைக் கண்டுபிடித்தவன் யார் என்று தெரிந்தால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் நூலகராக இருந்துகொண்டு, இடைக்கால அறிவியலையும் வானியலையும் படிக்க விரும்புகிற தமிழ்ப் பிள்ளைகளுக்காக அந்தத் தளத்தை நீ தொடங்கினாய். எந்த நாட்டு நூலகம் எந்தச் சுவடியை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது, எந்த அருங்காட்சியகத்தில் பழைய விண்கோள் கருவியைத் திரையிலேயே திருப்பிப் பார்க்கலாம், வாக்கியப் பஞ்சாங்கக் கணக்கைப் பற்றி நம்பத்தக்க கட்டுரை எங்கே இலவசமாகக் கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கும். இப்படித் திரட்டுகிற வேலையை யாரும் செய்யலாம். நீ ஒவ்வொரு இணைப்புக்கும் கீழே "இதில் இல்லாதது" என்று ஒரு வரி எழுதினாய். கடைசிப் பக்கங்கள் இல்லை. படங்கள் மங்கல். மொழிபெயர்த்தவர் கணக்கு வரும் இடங்களைத் தாண்டிப் போய்விட்டார். இப்படி.

"எது கிடைக்கும்னு கம்ப்யூட்டரே சொல்லிரும்லே. எது கிடைக்காதுன்னு சொல்லத்தான் மனுசன் வேணும்" என்பாய்.

ஓர் ஆடி வெள்ளியில் சாத்தூரிலிருந்து இருக்கன்குடிக் கோயிலுக்குப் போன பேருந்து நினைவிருக்கிறதா? நிற்கவே இடமில்லை. நீ கம்பியில் சாய்ந்து ஃபோனைத் தலைகீழாகப் பிடித்து எதையோ படித்துக்கொண்டிருந்தாய். மடியில் பூத்தட்டு வைத்திருந்த அம்மா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன தம்பி, ஃபோனத் தலகீழாப் புடிச்சிருக்கீக?"

"படத்த அப்படி எடுத்து வச்சிருக்கானுக, ஆத்தா. நான் நேராத்தான் நிக்கேன்."

"என்னது அது, சாதகமா?"

"நட்சத்திரக் கணக்குத்தான். எழுதுன ஆளு செத்து ஆயிரம் வருசமாச்சு."

"அப்பறம் எதுக்குய்யா பாத்துக்கிட்டு? இனிமே அவருக்கு என்ன கெட்டுறப் போகுது?"

பேருந்தே சிரித்தது. கோயிலில் இருந்து திரும்பியதும் அந்த இணைப்பின் கீழ் நீ எழுதிய வரி இன்னும் இருக்கிறது: "நட்சத்திரப் பட்டியல் தலைகீழாக உள்ளது. பேருந்தில் படிக்க வேண்டாம்."

இனி, அந்தத் தப்பைக் கண்டுபிடித்தவனைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன், உனக்குத் தெரியும். விரிவுரையாளர் பணிக்கு நானும் அவனும் ஒரே நாளில் நேர்காணலுக்குப் போனோம். என்னிடம் இருந்த மதிப்பெண் அவனிடம் இல்லை. அவனிடம் இருந்த மாமனார் என்னிடம் இல்லை. அவன் பேராசிரியர் ஆனான். நான் இயற்பியல் பட்டத்தை வைத்துக்கொண்டு ராகுகாலத்துக்கும் எமகண்டத்துக்கும் எழுத்துப்பிழை பார்க்கிறேன். இதை நான் மறந்துவிட வேண்டும் என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் வேலை கிடைத்திருந்தது.

மதுரைக் கருத்தரங்கில் நீ தளத்தைத் திரையில் காட்டிப் பேசி முடித்ததும் அவன் எழுந்தான். "முயற்சி நல்லாத்தான் இருக்கு. ஆனா இது ஆராய்ச்சி இல்லீங்க, அட்ரஸ் புக்." முன்வரிசை சிரித்தது. நீயும் சிரித்தாய். மறுநாள் தளத்தின் தலைப்புக்குக் கீழே "முகவரிப் புத்தகம்" என்று பெரிதாகப் போட்டுக்கொண்டாய். அதற்காக உன்னோடு நான் பேசாமல் இருந்தேன். அவன் உன் சாவுக்கும் வரவில்லை. அதையும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

அவனிடமிருந்துதான் போன வாரம் தளத்துக்கு மின்னஞ்சல் வந்தது. வணக்கம் இல்லை, உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. "கிரகணப் பதிவுகள் பற்றிய உங்கள் குறிப்பு பிழையானது. அந்த வானியலாளரின் ஊரில் நாள் சூரியன் மறையும்போது தொடங்கும். என் ஆய்வு மாணவி உங்கள் குறிப்பை நம்பி அந்த மூலத்தையே ஒதுக்கிவிட்டார். திருத்தவும்."

முகவரிப் புத்தகத்தை நம்பி அவன் மாணவி ஆய்வு எழுதுகிறாள் என்பதில் முதலில் எனக்கு ஒரு குரூரமான திருப்தி. பிறகுதான் உன் குறிப்பைத் திறந்தேன். அரபு மொழிச் சுவடி ஒன்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புக்கான இணைப்பு அது. அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "கிழமைகள் தப்பு. வெள்ளி இரவு என்று இது சொல்லும் சந்திர கிரகணம் இன்றைய கணக்குப்படி வியாழன் இரவில் வருகிறது. நம்பி இறங்க வேண்டாம்."

அவனைப் பொய்யாக்கியே தீருவது என்று ஞாயிறு மதியம் உட்கார்ந்தேன். அந்த நூலில் உள்ள கிரகணங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, இன்றைய கணக்கோடு ஒப்பிட்டுக்கொண்டே போனேன். சூரிய கிரகணங்களின் கிழமை எல்லாம் பொருந்தியது. சந்திர கிரகணங்கள் மட்டும் ஒன்றுவிடாமல் ஒரு நாள் தள்ளி நின்றன. பகலில் நடந்தது சரி, இரவில் நடந்தது மட்டும் தள்ளி. பிழை இப்படி ஒழுங்காக வராது. பொழுது சாய்ந்ததும் அவர்களுக்கு அடுத்த கிழமை பிறந்துவிடுகிறது. நமக்கோ விடியும்வரை பழைய கிழமைதான். அவர்களுடைய வெள்ளி இரவுதான் நம்முடைய வியாழன் இரவு. நூல் சரி. நீதான் தப்பு.

பஞ்சாங்கமும் காலண்டரும் அச்சாகிற மண்ணில் பிறந்தவனுக்கு நாள் விடியலில் தொடங்கும் என்பது சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. நீ எழுதியதை நானும்தான் படித்தேன். என் கண்ணிலும் படவில்லை. இந்த ஊரில் யாரிடம் காட்டியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

திருத்துவது பெரிய காரியமில்லை. அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் புது வரி எழுதிவிடலாம். ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நீ விதி ஒன்று போட்டிருந்தாய். பிழையை அழிக்கக் கூடாது. குறுக்கே கோடு போட்டு அங்கேயே விட வேண்டும். பக்கத்தில் "திருத்தியவர்" என்று ஆளின் பெயர் வர வேண்டும். விருதுநகர் மண்டிக்கார அண்ணாச்சி ஒருவர் உன்னை ஒரு முழுப் பக்கத்துக்கு ஏசி, நடுவில் ஒரே ஒரு சரியான திருத்தம் எழுதியிருந்தார். அவர் பெயரையும் போட்டாய். நான் குதித்ததற்கு, "ஏச்சு எனக்குலே. திருத்தம் பக்கத்துக்கு" என்றாய்.

உன் பிழை உலகம் பார்க்க நிற்க வேண்டும்; அதை ஒட்டி அவன் பெயர் நிற்க வேண்டும். இதை என் கையால் செய்ய வேண்டும். இரண்டு நாள் அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். பிறகு, தளத்தின் கடவுச்சொல்லை என்னை நம்பிக் கொடுத்தவளிடமே கேட்டுவிடலாம் என்று உன் வீட்டுக்குப் போனேன்.

உன் மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?"

"ஆச்சும்மா. ஒரு விசயம் கேக்கணும்." எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"இப்ப எதுக்கு வருத்தம்? அவுக தப்பா எழுதிட்டாகன்னா, அந்த ஆளு பேரப் போடணுமேன்னா?"

"ரெண்டும்தான்."

"பொய் சொல்லாதீக. வாரத்துக்கு ஒரு தப்பக் காட்டி அவுகள ஏசுனது நீங்கதான? அவுக தப்பு ஒங்களுக்குப் புதுசா? அந்தப் பேருதான் தொண்டையில நிக்கி."

உருண்டு வந்த ஒரு கத்தரிக்காயை எடுத்து அவள் பக்கம் வைத்தேன்.

"அந்தப் பிள்ள, இவுக நம்ப வேண்டாம்னு எழுதி வச்சதுனாலதான அந்தப் புத்தகத்த விட்டுருச்சு? இன்னும் எத்தன பிள்ளைக விட்டுச்சுகளோ. ஒங்க சண்டைக்கு அதுகள எதுக்குண்ணே பட்டினி போடுதீக?" பிறகு அரிவாள்மணையை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க போடலைன்னா பாஸ்வேர்டத் திருப்பிக் குடுத்துருங்க. நான் போட்டுக்கிடுதேன்."

உன்னைவிட அவள் கறார். நீ இருந்தவரை அது எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பக்கத்தைத் திறந்தேன். உன் வரிகளின் மேல் கோடு போட்டேன். கீழே எழுதினேன்: "இந்நூலில் நாள் சூரிய மறைவில் தொடங்குகிறது. கிழமைகள் சரி. தாராளமாக நம்பி இறங்கலாம்." பிறகு அவன் பெயர். "முனைவர்" என்பதை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அந்த அண்ணாச்சிக்கு நீ "அண்ணாச்சி" என்றே போட்டிருந்தாய். முனைவரையும் போட்டேன், முன்னெழுத்து இரண்டையும் போட்டேன். முழுப் பெயரும் உன் எழுத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது வயிறு எரிந்தது. எரியட்டும் என்று விட்டேன்.

அவனுக்குப் பதிலும் அனுப்பினேன். "திருத்தப்பட்டது. உங்கள் பெயர் இடம்பெற்றுள்ளது. எல்லாச் சந்திர கிரகணங்களையும் ஒப்பிட்ட அட்டவணையை இணைத்திருக்கிறேன். உங்கள் மாணவியிடம் கொடுக்கவும்." நன்றி என்று எழுதவில்லை. அவனும் இதுவரை எழுதவில்லை.

இப்போது தளம் முழுவதையும் முதலிலிருந்து பார்த்து வருகிறேன். செத்துப்போன இணைப்புகளுக்கு வேறு முகவரி தேடுகிறேன். கிடைக்காதவற்றுக்குக் கிடைக்கவில்லை என்று எழுதுகிறேன். ஐரோப்பிய வானியலாளர்களின் அட்டவணைகளில் நாள் நண்பகலில் தொடங்குகிறது, தெரியுமா? அங்கும் நீ ஒரு கிழமையைத் தப்பு என்று எழுதி வைத்திருக்கிறாய். அதை நானே பிடித்தேன். கோடு போட்டு என் பெயரைப் பக்கத்தில் எழுதினேன். சீசன் வேலை முடிந்து அச்சகம் ஓய்கிற மாதங்களில் வாக்கியப் பஞ்சாங்கப் பகுதியை எடுக்கப் போகிறேன். அங்கே நம் ஊர் ஆட்களே சண்டைக்கு வருவார்கள். வரட்டும். சரியாகச் சொன்னவன் எவனானாலும் அவன் பெயர் ஏறும்.

அவனை நான் மன்னிக்கவில்லை. நீ எழுதி வைத்த விதிகளையெல்லாம் மறுபடி படித்துப் பார்த்தேன். மன்னிக்கச் சொல்லி எதிலும் இல்லை.