சத்தியத்தில் இல்லாத ஒரு சொல்

ஸ்பைட்ஸ்டவுன், பார்படாஸ்
9 நவம்பர் 1874

என் பிரியமுள்ள நாத்தானுக்கு,

இங்கே நானும் கெசியாவும் சுகம். உங்கள் சுகத்தை வேறு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களிடமே கேட்கிறேன். டெமராராவில் நீங்கள் வழக்கமாகக் கடிதம் வாங்கும் கப்பல் கிட்டங்கிக்குத்தான் இதையும் அனுப்புகிறேன்.

கெசியாவுக்கு எட்டு முடிந்துவிட்டது. நீங்கள் கப்பலேறியபோது பொக்கையாக இருந்த இடத்தில் இரண்டு பெரிய பற்கள். சிரித்தால் உங்கள் அக்காளேதான். ஜூன் வரைக்கும் பறவைக்கோலா மீன் ஏராளம். வாங்க ஆளில்லாமல் கரையிலேயே கூறு கட்டிக் கொடுத்தார்கள்.

கனவில் நீங்கள் வருவது மட்டும் நிற்கவில்லை. கடல் வற்றி, வெள்ளை மணலாக டெமராரா வரைக்கும் கிடக்கிறது. நீங்கள் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வருகிறீர்கள். கூப்பிட்டால், "வந்துக்கிட்டேதானே இருக்கேன் டார்காஸ், ஏன் பறக்கிற?" என்கிறீர்கள். எவ்வளவு நடந்தாலும் அதே தூரம். விழித்தபின் என் கால்தான் வலிக்கிறது.

ஒரு விஷயத்தை உங்களிடம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம் ஆயுள் காப்பீட்டுச் சங்கத்தில் நீங்கள் சேர்ந்த அன்று நான் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? "நீங்க செத்தா எனக்குக் காசு தர ஒரு சங்கமா? அந்தக் காசுல சோறு இறங்குமா?" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். "சங்கம்னா எவனோ சீமைத் துரைன்னு நினைச்சியா? பணம் கட்டுற நாங்கதான் அதுக்கு முதலாளி. ஒருத்தன் விழுந்தா மத்தவன் தாங்கணும், அவ்வளவுதான்" என்றீர்கள். நான் மூன்று நாள் பேசவில்லை.

இரண்டு வருடம் முன்பு அடித்த புயலுக்குப் பிறகு உங்கள் கப்பல் எந்தத் துறைமுகத்துக்கும் வந்து சேரவில்லை. சங்கத்துச் செயலாளர் ஹிங்ஸன் வீட்டுக்கு வந்தார். உடல் கிடைக்காததால் ஒரு வருடம் பொறுத்து, நீங்கள் இறந்துவிட்டதாக நான் நீதிபதி முன் சத்தியம் செய்ய வேண்டும் என்றார். அதுவரை தவணை கட்டி வர வேண்டுமாம். வருடம் முடிந்தும் நான் போகவில்லை. தேங்காய் ரொட்டி விற்றுத் தவணை கட்டினேன். இந்த ஈஸ்டரோடு அதற்கும் வழியில்லாமல் போனது. இனி அந்தச் சத்தியம் செய்ய வேண்டியதில்லை என்று எண்ணி, உள்ளூர நிம்மதிகூடப் பட்டேன்.

வீடு நம்முடையதானாலும் அது நிற்கும் மண் தோட்டத்துரையுடையது அல்லவா? வாடகை நின்றதும் மேஸ்திரி வந்து, பெண்ணைக் கரும்புக்காட்டுக்குக் களையெடுக்க அனுப்பினால் கழித்துக்கொள்ளலாம் என்றான். கெசியா அவன் முன்னாலேயே, "பள்ளிக்கூடம் முடிஞ்சப்புறம் போகலாமாம்மா?" என்று கேட்டாள். அன்றுதான் சங்கத்துக்கு நடந்தேன்.

உறுப்பினர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தவணை நின்றுபோன பெயர் செல்லாதே என்றார் ஒருவர். அப்போது எழுந்தது யார் தெரியுமா? கப்பல் பாய் தைக்கிற யியர்வுட். ஒரு பாய்த்துணித் தகராறில் ஆறு வருடம் உங்கள் முகத்தில் விழிக்காத அதே மனிதர்தான்.

"நாத்தான் என் பரம விரோதி. இப்ப வந்து நின்னாலும் மூஞ்சியத் திருப்பிக்குவேன். ஆனா நான் செத்திருந்தா என் பொண்டாட்டிக்கு அவனும்தானே குடுத்திருப்பான்? அதுக்குத்தானய்யா எல்லாரும் கட்டுறோம்! கடல்ல போனவன் தவணைய எப்படிக் கொண்டுவந்து கட்டுவான்?" என்றார்.

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன. உங்கள் பெயர் பிழைத்தது.

மறுநாள் நீதிபதி வேதாகமத்தை நீட்டினார். கை வைத்தேன். அந்தச் சொல் வரவில்லை, நாத்தான். ஜன்னலுக்கு வெளியே கடல் பால்போல அசையாமல் கிடந்தது. அவர் மறுபடி கேட்டார். நான் சொன்னேன்: "உயிரோட இருந்தா அவர் வீட்டுக்கு வந்திருப்பார் ஐயா. அப்படிப்பட்ட மனுசர். இன்னும் வரல." அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். சங்கமும் அதை ஏற்றுக்கொண்டது.

பணம் வந்தது. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம், நம் பெயரில். வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி வண்டியேற்றி அங்கே நிறுத்தினோம். ஆணியடிக்க யியர்வுட்டும் வந்தார், உங்களைத் திட்டிக்கொண்டே. கெசியா பள்ளிக்கூடம் போகிறாள். முதல் நாள் அந்தக் காசில் பொங்கிய சோறு எனக்கு இறங்கத்தான் செய்தது. மன்னித்துவிடுங்கள்.

நானும் இப்போது சங்கத்தில் சேர்ந்திருக்கிறேன். போன மாதம், கடலுக்குப் போய்த் திரும்பாத ஒரு மீனவனின் மனைவி கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். கை தூக்கச் சொன்னபோது முதலில் உயர்ந்தது என் கை.

கடவுள் உங்களை எங்கே வைத்திருந்தாலும் குளிராமல் வைத்திருக்கட்டும். இந்தக் கடிதம் திரும்பி வராதவரை, யாரோ வாங்கிப் பிரித்துப் படித்தார்கள் என்று வைத்துக்கொள்வேன். கிட்டங்கியில் இதைக் கையில் எடுக்கும் புண்ணியவான் எவராயினும் தயவுசெய்து திருப்பி அனுப்ப வேண்டாம்.

உங்கள் மனைவி,
டார்காஸ் கிரீனிட்ஜ்