கடைசிப் பக்கத்தைச் சொல்லாதீங்க

ஏனுங்க, என் ஊட்டுக்காரரே,

நல்லா இருக்கீங்களா? அங்கயும் காலையில முட்டை விலை கேட்டுட்டுத்தான் காப்பி குடிக்கிறீங்களா? இங்க நானும் கோழிங்களும் சௌக்கியம். விசயத்துக்கு வாரேன். புத்தகம் படிக்கிற மிசினு ஒண்ணு வாங்கியிருக்கேன். சிரிக்காதீங்க.

சாயங்காலம் நான் முட்டையை அட்டையில அடுக்க, நீங்க ஸ்டூலைப் போட்டு உக்காந்து கதை படிச்சுக் காட்டுவீங்களே, அந்தக் கடைசிக் கதை பாதியில நிக்குது. கோவிச்சுட்டுப் போன அந்தப் புள்ள அப்பன் ஊட்டுக்குத் திரும்பி வந்தாளா இல்லையா? நானே படிக்கலாம்னு எடுத்தா எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊருது. கண்ணாடி மாத்தியும் தேறலை.

போன்லயே படிக்கலாம்னு நம்ம மக மலர் சொன்னா. கதையில அந்தப் புள்ள பஸ் ஏறுற நேரம் பாத்து முட்டை விலை மெசேஜ் வந்து எழுத்து மேல உக்காந்துக்குது. அப்புறம் அவளோட டேப்லெட்டைக் குடுத்தா. அந்தக் கனத்துல மணிக்கட்டு வலி கண்டுபோச்சு, வெளிச்சமும் கண்ணுல குத்துது.

கடைசியில சேலத்துக் கடைக்குக் கூட்டிட்டுப் போனா. விக்கிற பொண்ணு, இதுல ஆயிரக்கணக்குல புத்தகம் கொள்ளும்னு அளந்துச்சு. “எனக்கு ஒரு கதையில பாதிதான் வேணும் சாமி, அது வருமா?”ன்னேன். தேடிப் பாத்துட்டு வரும்னுச்சு. எழுத்தைக் கடைப்பலகை அளவுக்குப் பெருசாக்கிக் காட்டுச்சு. காயிதம் மாதிரியே இருக்குது, கண்ணு கூசலை. தீவன மாவு ஒட்டுன என் விரலுக்கு டச்சு அசையலைங்க. அதனால ஓரத்துல பட்டனும் இருக்கறதாப் பாத்து எடுத்தேன்.

புதுச் சாமானைச் சும்மா விடுவமா? லாரிக்கே பொட்டு வெக்கிற ஊரு. உங்க படத்து முன்னால எலுமிச்சம்பழத்தோட வெச்சு, மிசினு நெத்தியில ஒரு சந்தனப் பொட்டு, கீழ ஒரு பொட்டு. எனக்கு அசையாத டச்சு சந்தனத்துக்கு அசைஞ்சுது. பக்கமெல்லாம் சர்ருனு ஓடி, கதையோட முடிவுல போயி நின்னுச்சு.

முந்தானையால மூடிட்டேன். கதை தொடங்கையிலயே முடிவை உளறுறது உங்க வேலையாச்சே! “போயும் உங்கப்பனுக்குப் புத்தி மாறலை பாரு”ன்னேன். மலர் சிரிச்சுச் சிரிச்சு, கடைசியில அழுதுட்டா. அப்புறம் டச்சை நிறுத்தி, விட்ட எடத்துல கொண்டாந்து வெச்சா.

இப்பத் தினமும் உங்க படத்தைப் பாத்துச் சத்தமாப் படிக்கிறேன். தப்பாப் படிச்சாத் திருத்த ஆளில்லை. ஒண்ணுதான் மனசை அறுக்குதுங்க. முடிவைச் சொல்லாதீங்கன்னு எத்தனை கதைக்கு உங்களோட மல்லுக்கட்டியிருப்பேன்? ஒருக்காகூடக் கேக்கலை. இந்தக் கதைக்கு மட்டும் சொல்லாமயே போயிட்டீங்க. சொல்லியிருக்கலாமுங்க.

கடைசிப் பக்கம் வந்ததும் ஸ்டூலை உங்க படத்துக்கிட்ட இழுத்துப் போட்டுப் படிப்பேன், இது சத்தியம். அந்தப் புள்ள வந்தாலும் சரி, வராட்டியும் சரி. தெரியாத மாதிரியே கேளுங்க.

மலரோட அம்மா,
உங்க ஊட்டுக்காரி