ஒரு ‘லாம்’

12.7.84
கோர்ட்டில் மறுபடியும் வாய்தா. என் பெண் பவளம் யாரிடம் வளர வேண்டும் என்று இரண்டு வக்கீல்களும் பேசினார்கள். பெற்றவள் நான் தூண் மாதிரி நின்றேன். டீச்சர் வேலையை விடமாட்டேன் என்று காவாந்தண்டலத்தில் புகுந்த வீட்டிலிருந்து கிளம்பி வந்து பதினாலு மாதம். குழந்தையை என் வீட்டுக்காரர் அனுப்பவில்லை. கோர்ட்டிலிருந்து உத்திரமேரூர் திரும்பி ஒருத்திக்குச் சோறு வடித்தேன். அதுவும் மிஞ்சிவிட்டது.

20.9.84
பேப்பரில் செய்தி. குடும்ப வழக்குகளுக்கென்றே தனிக் கோர்ட் அமைக்க பார்லிமெண்டில் சட்டம் போட்டுவிட்டார்களாம். வக்கீல் குறுக்கே வராமல் நாமே பேசலாமாம். பள்ளியில் சத்துணவு சமைக்கும் பாக்கியமேரி கேட்டாள், “அப்போ நம்ம ஊருக்கே கோர்ட்டு வருதா டீச்சர்?”
வரும் என்றேன். எனக்கு யார் சொன்னது?

21.9.84
ஜட்ஜிடம் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். “ஐயா, அவளுக்கு இடது காதில் அடிக்கடி சீழ் வரும்—” அதற்கு மேல் ஓடவில்லை.

8.10.84
வக்கீல் கிருஷ்ணசாமி சட்டத்தைப் படித்துச் சொன்னார். பத்து லட்சம் பேருக்கு மேல் இருக்கும் நகரத்தில் அரசு கோர்ட் நிறுவ வேண்டும். மற்ற இடங்களில், தேவை என்று தோன்றினால் நிறுவலாம்.
“அந்த ‘லாம்’லதாம்மா நாம மாட்டிக்கினோம்.”
உத்திரமேரூரில் ஆடு மாட்டைச் சேர்த்து எண்ணினாலும் பத்து லட்சம் தேறாது. மழை வரலாம், வெயில் அடிக்கலாம் என்று வருஷா வருஷம் மூன்றாம் வகுப்புக்கு நடத்துகிறவள் நான். எனக்கே உறைக்கவில்லையே! அவர் எதிரில் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

14.2.85
பழைய கோர்ட்டிலேயே இடைக்கால உத்தரவு. ‘தாய் ஞாயிறுதோறும் குழந்தையைப் பார்க்கலாம்.’

17.2.85
மாமியார் சொக்கம்மாள் வாசல் படலைத் திறக்கவில்லை. “பாக்கலாம்னுதானே போட்டுக்கீது? நாங்க காட்டணும்னு போடலையே!”
எல்லோருமே இலக்கணம் படித்துவிட்டார்கள். வீட்டுக்குள்ளே பவளத்தின் அப்பா இருமினார். வெளியே வரவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

24.2.85
இன்றும் போனேன். மாமியார் களத்துக்குப் போயிருந்தாள். படலில் கயிறு கட்டியிருக்கவில்லை. உள்ளே அதே இருமல்.
வாசலில் பவளம் குச்சியும் கையுமாக டீச்சர் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். வரிசையாக அடுக்கிய செங்கல்கள்தான் பிள்ளைகள். என்னைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல், என் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன்.
“உள்ளே வரலாமா, டீச்சர்?”
குச்சியை நீட்டினாள். “ஏன் லேட்டு?”
கட்டிய கையை அவிழ்க்காமல் நின்றேன்.
“சரி, வா. உக்காரு” என்றாள். கடைசிச் செங்கல்லை நகர்த்தி இடம் விட்டாள். உட்கார்ந்தேன்.