ரப்பருக்குள் இருக்கும் தகைவு

நேற்று லேக் மார்க்கெட்டில் குக்கருக்கு காஸ்கெட் வாங்கினேன். உறையைப் பிரித்ததும் எழுந்த புது ரப்பர் வாசனையில் உன் ஞாபகம் வந்து, கடை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நியூ டவுன் அலுவலகத்தில் நாம் இருவரும் அடுத்தடுத்த மேசை. பாலத்தின் உத்தரத்துக்கும் தூணுக்கும் நடுவில் வைக்கும் ரப்பர் தாங்கியின் குறுக்குவெட்டைச் சின்னச் சின்ன முக்கோணங்களாகப் பிரித்துக் கணினியில் கணக்கிட்டோம். ரப்பர் அமுக்கினால் பிதுங்குமே தவிர, கன அளவில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. வழக்கமான கணக்கு முறைக்கு அது பிடிபடாமல், தாங்கி அசையவே அசையாது என்று கணினி காட்டியது. படம் மட்டும் வண்ணவண்ணமாக அழகாக வந்திருந்தது.

"ஆர் கொதோ தேரி?" இன்னும் எவ்வளவு நேரம் என்று மேலாளர் வந்து வந்து கேட்டார். நீ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடவில்லை.

"இது நகர்வை வச்சு ஸ்ட்ரெஸ்ஸை ஊகிக்குதுடி. நகர்வே தப்பா இருக்கே! ரெண்டையும் சேர்த்தே கண்டுபிடிக்கணும்" என்றாய்.

அந்தக் கலப்பு முறையில் நீ எழுதிய முதல் புரோகிராம் படுத்துவிட்டது. தகைவுக்கு, அதாவது ஸ்ட்ரெஸ்ஸுக்கு, எடுத்த கணிதச் சார்புகளும் நகர்வுக்கு எடுத்தவையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. உன்னை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிடுவதாக மேலாளர் சத்தம் போட்டார். எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா, தப்பான ரிப்போர்ட்டில் என் பெயர் இருக்காது என்று வங்காள மொழியில் நிதானமாகச் சொன்னாய். சார்புகளில் பொருத்தமான ஜோடி கிடைத்ததும் ரப்பர் எவ்வளவு பிதுங்கும் என்பது தெரிந்தது. தாங்கியின் வடிவத்தையே மாற்றினார்கள். மேலாளர் நன்றி சொல்லவில்லை. மறுநாள் ஒரு பெட்டி சந்தேஷ் இனிப்பு வாங்கி வந்து உன் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு உனக்கு நோய் வந்தது. லேக் கார்டன்ஸ் வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "முகம் தெளிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் அதையே சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்தினாய்.

"வலிக்குதான்னு ஒருத்தரும் கேக்கலடி."

கேட்டேன். வலியைச் சொன்னாய், பயத்தையும் சொன்னாய். சொல்லி முடித்ததும் பசிக்கிறது என்றாய். ரசம் சாதம் பிசைந்து தந்தேன். பாதிக் கிண்ணம் சாப்பிட்டாய்.

இப்போதெல்லாம் நோயில் படுத்திருப்பவர் அருகே உட்கார்ந்தால் அவர் முகத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். பதில் வரும்வரை எழுந்திருப்பதில்லை.